சேலத்தில் மூன்று நாள் இசை, நாட்டிய விழா நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

புதிதாக விழா நடத்தக் கிளம்பும் குழுக்கள் முதலில் போய் நிற்பது அச்சகத்தில். சிறப்பு விருந்தினர் பெயர் முடிவாகிவிடும், பேனர் டிசைன் வாட்ஸ்அப்பில் சுற்றும். பாடப்போகிறவருக்கு என்ன சுருதி, மண்டபத்தில் குரல் தெளிவாகக் கேட்குமா, மிருதங்கம் யார் என்பதெல்லாம் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போகும். விழா கெடுவது பெரும்பாலும் இந்த வரிசைக் கோளாறால்தான்.

சரியான வரிசை இது: நாள், இடம், கலைஞர்கள், நேர அட்டவணை, ஒலி. அப்புறம்தான் அழைப்பிதழ். இருநூறு முதல் நானூறு பேர் வரக்கூடிய, திருமண மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ நடக்கும் மூன்று மாலை விழாவை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் தேவைப்படுபவை

நான்கு மாத அவகாசம் வேண்டும். அதற்குக் குறைந்தால் மூன்று நாளை ஒரு நாளாக்கிக்கொள்ளுங்கள்.

பொறுப்பெடுக்க ஐந்து பேர் போதும்: பணம், இடமும் அனுமதியும், கலைஞர்கள், மேடையும் ஒலியும், அரங்கமும் சாப்பாடும். ஆளுக்கு ஒன்று. இரண்டு பேருக்கு ஒரே பொறுப்பைக் கொடுத்தால், அவர் செய்திருப்பார் என்று இவரும், இவர் செய்திருப்பார் என்று அவரும் இருந்துவிடுவார்கள்.

இந்த ஐவரில் ஒருவராவது பாட்டோ வாத்தியமோ முறையாகக் கற்றவராக இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் உள்ளூர் இசை ஆசிரியர் ஒருவரை ஆரம்பத்திலேயே கூட்டத்துக்கு அழையுங்கள். சேலத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு கலைகள் அங்கே கற்றுத்தரப்படுகின்றன. ஆலோசனைக்கும் சரி, மாணவர் நிகழ்ச்சிக்கும் சரி, முதலில் தட்ட வேண்டிய கதவு அது.

1. நாளைக் குறியுங்கள்

ஆடி வேண்டாம். கோட்டை மாரியம்மன் பண்டிகையோடு ஊரில் உள்ள மாரியம்மன் கோயில்கள் எல்லாவற்றிலும் திருவிழா நடக்கும். குகையிலும் அம்மாபேட்டையிலும் வண்டி வேடிக்கை, அதாவது அலங்கரித்த வண்டிகளின் ஊர்வலம். ஊரே தெருவில் இருக்கும்போது உங்கள் வீணைக் கச்சேரிக்கு ஆளும் வராது, அமைதியும் கிடைக்காது.

மார்கழியில் மண்டபம் சுலபமாகக் கிடைக்கும், கல்யாணம் இல்லாததால் நாதஸ்வரக்காரர்களும் கிடைப்பார்கள். ஆனால் பெயர் பெற்ற பாடகர்களும் பக்கவாத்தியக்காரர்களும் சென்னை சபாக்களில் இருப்பார்கள். மார்கழிதான் வேண்டும் என்றால் உள்ளூர்க் கலைஞர்களை வைத்து விடியற்காலைத் திருப்பாவை, திருவெம்பாவை, தேவார நிகழ்ச்சியாக நடத்துங்கள். அது அந்த மாதத்துக்கு மிகவும் பொருந்தும்.

என் தேர்வு தை பிற்பாதி. சென்னை சீசன் முடிந்திருக்கும், பொதுத்தேர்வுக்கு இன்னும் கொஞ்சம் நாள் இருக்கும், மாலையில் உட்கார இதமாகவும் இருக்கும். இரண்டு விஷயத்தை மட்டும் பஞ்சாங்கத்தில் பாருங்கள். ஒன்று, தியாகராஜர் ஆராதனை நாளான புஷ்ய பகுள பஞ்சமி. அதையொட்டிய நாட்களில் பலர் திருவையாற்றில் இருப்பார்கள். இன்னொன்று, முகூர்த்த நாட்கள். தையில் முகூர்த்தம் விழும் சனி, ஞாயிறுகளில் மண்டபமும் கிடைக்காது, தவிலும் கிடைக்காது.

நாள் நெருங்கும்போது மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் உங்கள் பகுதிக்கு எப்போது வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் மாலையில் திரும்பிவிடும். ஆனால் பகலில் ஒலி அமைப்பும் ஒத்திகையும் செய்ய முடியாமல் போகும்.

2. இடத்தை மாலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள்

பகல் பதினோரு மணிக்கு மண்டபம் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. விழா நடக்கப்போகும் அதே நேரத்துக்குப் போங்கள். ஐந்து ரோடு, ஜங்ஷன் ரோடு மாதிரிப் பெரிய சாலைகளை ஒட்டிய மண்டபங்களில் மாலை நேரத்து பஸ் ஹாரன், ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனைக்கு நடுவில் வந்து விழும்.

மேடையில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். சத்தம் உடனே அடங்கினால் நல்லது. டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள மண்டபத்தில் அது சுற்றிச்சுற்றி வரும். அந்த இடத்தில் மிருதங்கச் சொற்கள் ஒன்றோடொன்று கலந்து கூழாகிவிடும். பக்கச்சுவரில் கனமான திரை தொங்கவிட்டால் ஓரளவு அடங்கும். திரை கட்ட வழி இல்லையென்றால் வேறு மண்டபம் பாருங்கள்.

அடுத்து மின்விசிறிகளை எல்லாம் ஓடவிட்டு நடுவரிசையில் உட்கார்ந்து பாருங்கள். பிறகு சமையலறைக்கும் அரங்கத்துக்கும் நடுவே கதவு இருக்கிறதா என்று பாருங்கள். மெல்ல ஒலிக்கும் ஒரு நீலாம்பரி ராகத்தைப் பாத்திரம் கழுவும் சத்தம் கலைத்தால் யாருக்கும் மனசு ஆறாது.

கோயில் மண்டபம் என்றால் செயல் அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பூஜை நேரம், மணி அடிக்கும் நேரம் இரண்டையும் குறித்துக்கொண்டு நிகழ்ச்சிகளை அதற்கு இடையில் அமையுங்கள். கல் மண்டபத்தில் நாதஸ்வரமும் ஓதுவாரின் தேவாரமும் மைக் இல்லாமலே நிறையும். வேகமான தாள வாத்தியத்துக்கும் பரதத்துக்கும் கல் மண்டபம் உகந்ததல்ல.

கடைசியாக, வருகிறவர்கள் வீடு திரும்பும் வழி. அம்மாபேட்டையிலிருந்தும் குகையிலிருந்தும் டவுன் பஸ்ஸில் வரும் பெரியவர்கள்தான் கடைசி வரை உட்கார்ந்து கேட்கும் ரசிகர்கள். ஒன்பது மணிக்கு முடியும்படி அட்டவணை போட்டால் அவர்கள் நிறைவுப் பாட்டான மங்களம் வரை இருப்பார்கள்.

3. அனுமதி

உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் நிகழ்ச்சிக்கும் ஒலிபெருக்கிக்கும் எழுதிக் கொடுத்து அனுமதி பெறுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் நேர வரம்பு 55 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். கூம்பு ஒலிபெருக்கியைத் தெருவில் கட்டவே வேண்டாம். கச்சேரி கேட்க விரும்புகிறவர் உள்ளே வந்து உட்காரட்டும்.

4. கலைஞர்களை அழையுங்கள்

முதல் தொலைபேசிப் பேச்சிலேயே இவற்றையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை கட்டை சுருதி (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு), பக்கவாத்தியம் அவர்களே அழைத்து வருகிறார்களா நாம் ஏற்பாடு செய்ய வேண்டுமா, மொத்தம் எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எப்படி வருகிறார்கள், சாப்பாடு, சன்மானம்.

சுருதியை ஏன் முதலில் கேட்கச் சொல்கிறேன் என்றால், பக்கவாத்தியம் அமைவது அதைப் பொறுத்துத்தான். ஒரு கட்டையில் பாடுகிறவருக்குத் தாழ்ந்த சுருதிக்கான தக்கு மிருதங்கம், ஐந்து கட்டைக்கு உயர்ந்த சுருதிக்கான ஹெச்சு மிருதங்கம். இரண்டும் வேறு வேறு வாத்தியம். கடத்துக்கோ இன்னும் கறார். ஒவ்வொரு பானைக்கும் அதன் சுருதி சுட்டபோதே அமைந்துவிட்டது. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே வித்வானுக்குச் சுருதி தெரிந்திருக்க வேண்டும்.

சன்மானத்தை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். மொத்தமாகப் பாடகரிடம் கொடுத்து "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிடுவது அவருக்கும் சங்கடம், பக்கவாத்தியக்காரருக்கும் சங்கடம். ஆளுக்கொரு கவர், அதன் மேல் பெயர். கடம், கஞ்சிரா, தம்பூரா போடுகிறவர் வரை.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு திறக்கிறது. அந்தத் தேதியை நாட்குறிப்பில் எழுதிவையுங்கள். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் விடியும் முன்பே ஜங்ஷனில் இறங்குவார்கள். அறையை அன்று மதியத்திலிருந்து பதிவு செய்தால் வித்வான் தம்பூராவோடு லாட்ஜ் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பார். முந்தைய இரவிலிருந்தே பதிவு செய்யுங்கள். ஒரு இரவு வாடகை கூடும்தான், ஆனால் மாலையில் அவர் குரல் எழும்புவது அந்தத் தூக்கத்தால்தான்.

5. நேர அட்டவணை

ஒரு மாலைக்கு நான் பரிந்துரைப்பது இவ்வளவுதான்: ஐந்து மணிக்கு மங்கல இசை அரை மணி, ஐந்தரைக்கு மாணவர் நிகழ்ச்சி, ஆறேகாலுக்கு மேடைப் பேச்சு கால் மணி, ஆறரை மணிக்கு மேல் முதன்மை நிகழ்ச்சி, ஒன்பதுக்குள் மங்களம். இதற்கு மேல் ஒன்றைச் சேர்த்தாலும் ஏதோ ஒன்று நசுங்கும். நசுங்குவது எப்போதும், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனமாகத்தான் இருக்கும்.

நாதஸ்வரம், தவிலை மண்டப வாசலில் வையுங்கள். மூடிய அரங்கத்தின் மேடையில் தவில் காதை அடைத்துவிடும். வாசலில் வாசித்தால் தெருவே விழாவை அறியும்.

பேச்சு எங்கே வருகிறது என்பதில் பிடிவாதமாக இருங்கள். பலர் சிறப்பு விருந்தினரை முதன்மைக் கச்சேரி தொடங்கும் நேரத்தில், கலைஞர்கள் மேடையில் வந்து உட்கார்ந்த பிறகு பேசவிடுகிறார்கள். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவை பூசி, வார் இழுத்து, வலப்பக்கமான வலந்தலையைச் சுருதிக்குக் கொண்டுவந்து வைத்திருப்பார் வித்வான். இருபது நிமிடம் விளக்குச் சூட்டில் பேச்சு நடந்தால் ரவை காய்ந்து சுருதியும் விலகிவிடும். மறுபடியும் முதலிலிருந்து தட்ட வேண்டும். பேச்சு முடிந்து, விருந்தினர் கீழே இறங்கி அமர்ந்த பிறகுதான் கலைஞர்கள் மேடைக்கு வர வேண்டும்.

மாணவர்களுக்குச் சான்றிதழ் கடைசியில் கொடுத்தால் பெற்றோர் காத்திருப்பார்கள் என்று ஒரு கணக்கு எல்லாக் குழுவிலும் வரும். ஆறு வயதுக் குழந்தையை அலங்காரத்தோடு ஒன்பது மணி வரை உட்கார வைக்காதீர்கள். நிகழ்ச்சி முடிந்த உடனே கொடுத்துவிடுங்கள். அரங்கம் பாதி காலியாகும், ஆகட்டும். அதற்குப் பதில், அந்தக் குழந்தைகளுக்காக மறுநாள் காலையில் முதன்மைக் கலைஞரோடு ஒரு மணி நேரம் ஏற்பாடு செய்யுங்கள். வித்வான் எதிரே தரையில் உட்கார்ந்து வயலின் எப்படிப் பேசுகிறது என்று பார்த்த பிள்ளை, அன்று மாலை தானே அம்மாவை இழுத்துக்கொண்டு வரும்.

6. பஞ்சரத்ன கோஷ்டி கானம்

விழாவின் ஒரு நாள் காலையில் தியாகராஜரின் பஞ்சரத்ன கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவது வழக்கம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து ராகங்களில், ஐந்தும் ஆதி தாளத்தில். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். ஊரில் உள்ள எல்லா ஆசிரியர்களும், மாணவர்களும், பாட்டுத் தெரிந்த இல்லத்தரசிகளும் ஒரே மேடையில் உட்காரும் சந்தர்ப்பம் இது. இதைச் சரியாகச் செய்தால் அடுத்த வருடத்துக்கு உங்களுக்கு ஆட்கள் தானாகவே வருவார்கள்.

சிக்கல் பாடாந்தரத்தில், அதாவது கற்றுக்கொண்ட பாட்டு முறையில் வரும். ஒவ்வொரு ஆசிரியரும் சங்கதியை (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதத்தை) ஒவ்வொரு மாதிரி சொல்லிக் கொடுத்திருப்பார். எந்த வரியை எத்தனை முறை பாடுவது, எந்தச் சரணத்துக்குப் பிறகு எங்கே திரும்புவது என்று பேசி வைக்காமல் மேடையேறினால் இரண்டாவது சரணத்திலேயே கோஷ்டி பிளந்துவிடும். ஒரு ஆசிரியரின் பாடாந்தரத்தைப் பொதுவாக ஏற்று, அவர் பாடிய பதிவை ஒரு மாதம் முன்பே எல்லோருக்கும் அனுப்புங்கள். ஒத்திகை குறைந்தது மூன்று வேண்டும்.

ஒத்திகை நேரத்தில் பாதியை வராளிக்கு ஒதுக்குங்கள். வராளியை நேரடியாகச் சொல்லிக் கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யருக்கும் மனஸ்தாபம் வரும் என்ற நம்பிக்கை இருப்பதால், பலர் அதைக் கேட்டே பழகியிருப்பார்கள். எனவே பிசகுவது அங்கேதான். நாட்டை ராகக் கீர்த்தனை ஏறத்தாழ எல்லோருக்கும் தெரிந்திருக்கும், அதிலேயே நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாடும்போது சுருதியை முதல் ஒத்திகையிலேயே முடிவு செய்யுங்கள். எல்லோருடைய உச்சமும் எட்டும் இடம் பாடிப் பார்த்தால்தான் தெரியும். தாளம் போடுகிறவர் ஒருவர் மட்டும் எல்லோரும் பார்க்கும்படி நடுவில் உட்காரட்டும். பின்வரிசைக்கும் ஒரு மானிட்டர் (பாடுகிறவர்கள் கேட்க அவர்களை நோக்கி வைக்கும் ஸ்பீக்கர்) வேண்டும். இல்லையென்றால் அவர்கள் அரை அட்சரம் பிந்துவார்கள்.

7. மேடையும் ஒலியும்

கையில் இருக்கும் பணத்தில் முதலில் ஒதுக்க வேண்டியது இதற்கு. மலர் அலங்காரம் பாதியாகக் குறைந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். வயலின் கேட்கவில்லையென்றால் விழாவே நடக்காத மாதிரி.

பொதுக்கூட்டத்துக்கும் கோயில் பண்டிகைக்கும் செட் கட்டிப் பழகிய மைக்செட்காரர் இயல்பாகவே எக்கோவைத் திறந்து வைத்திருப்பார். அதை முழுக்க அடைக்கச் சொல்லுங்கள். பாட்டில் கமகம் என்ற ஸ்வர அசைவுகள் நெருக்கமாக வரும். எக்கோ இருந்தால் ஒரு ஸ்வரத்தின் வால் அடுத்ததின் மேல் விழும். "பேஸ்" திருகையும் குறைக்கச் சொல்லுங்கள், தொப்பி குமுறாது.

ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரிக்கு மைக் கணக்கு: பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு, கடத்துக்கு ஒன்று, தம்பூராவுக்கு ஒன்று, அறிவிப்பாளருக்குத் தனியாக ஒன்று. மொத்தம் ஏழு. உபரியாக இரண்டு. வலக்கைப் பழக்கமுள்ள மிருதங்க வித்வான் பாடகரின் வலப்பக்கம் உட்காருவார், அப்போதுதான் வலந்தலை சபையை நோக்கி இருக்கும். பழனி சுப்பிரமணிய பிள்ளை மாதிரி இடக்கையால் வாசிப்பவர் என்றால் பக்கம் மாறும். வயர் இழுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒலிச் சோதனையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் தம்பூரா மட்டும், மானிட்டரில். அது கலைஞர் காதில் சரியாக விழுந்த பிறகு பாட்டு. பிறகு வயலின். கடைசியில் மிருதங்கமும் கடமும். தாள வாத்தியத்தை முதலில் ஏற்றிவிட்டால் அதை மீறிக் குரலை ஏற்ற வேண்டியிருக்கும், அப்புறம் வீறிட்டுக் கத்தும். எல்லாம் சேர்ந்து வாசிக்கும்போது குழுவில் ஒருவர் கடைசி வரிசையிலும் இன்னொருவர் பக்கவாட்டிலும் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். மிக்ஸர் பக்கத்தில் நின்று முடிவு சொல்லாதீர்கள்.

சோதனை முடிந்ததும் மிக்ஸரில் திருகுகள் நிற்கும் இடத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். நடுவில் நாட்டிய நிகழ்ச்சிக்கு மாற்றினாலும் திரும்ப வந்துவிடலாம்.

விளக்குக்கும் ஒலிக்கும் தனித்தனி ஃபேஸ் எடுங்கள். ஒன்றிலேயே கொடுத்தால் விளக்கைக் கூட்டிக் குறைக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் இரைச்சல் வரும். ஜெனரேட்டரை மண்டபத்தின் பின்சுவருக்கு அப்பால் நிறுத்துங்கள்.

மேடையில் பவானி ஜமுக்காளம் விரியுங்கள், உட்கார இதமாக இருக்கும், விளிம்பு சுருளாது. பக்கத்து அறையில் ஒரு கிண்ணம் ரவை, ஒரு செம்பு தண்ணீர், ஒரு துணி. மேடையில் ஃபிளாஸ்கில் வெந்நீர். நின்று ஓடும் மின்விசிறி மைக்கை நோக்கி இருக்கக் கூடாது.

8. நாட்டிய நாளுக்கு மட்டும்

ஜமுக்காளத்தை எடுத்துவிடுங்கள். விரிப்பு மேல் ஆடினால் கால் சிக்கும். அகலம் 24 அடி, ஆழம் 20 அடிக்குக் குறைந்த மேடையில் குழு நடனம் வைக்காதீர்கள்.

தரையை நீங்களே வெறுங்காலில் நடந்து பாருங்கள், உள்ளங்கையால் தடவியும் பாருங்கள். பந்தல்காரர் அடித்த ஆணி, ஒட்டிய டேப்பின் விளிம்பு, முந்தைய நிகழ்ச்சியில் சிந்திய எண்ணெய், பூவிதழ், இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். பளபளக்கும் கிரானைட் மேடையில் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். வெறும் சிமெண்ட் தரை என்றால், காலைத் தட்டி ஆடும் தட்டடவின் அதிர்ச்சி முழங்காலில் இறங்கும். மேலே பிளைவுட் பலகை போட்டு இணைப்புகள் நகராமல் இறுக்குங்கள். குத்துவிளக்கை ஆடும் இடத்துக்கு வெளியே, ஓரத்தில் வையுங்கள்.

ஆட்டத்துக்குத் தாளம் தட்டி நடத்தும் நட்டுவாங்கக்காரரின் மைக், சொல்கட்டு (தாளச் சொற்கள்) சொல்லும் வாய்க்கு. அதைக் கையில் உள்ள தாளத்துக்கு நேரே வைத்தால் கணீரென்ற சத்தம் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். சலங்கைச் சத்தம் மேடையிலிருந்தே கேட்கும், அதற்குத் தனி மைக் வேண்டாம்.

விளக்கு வெள்ளையும் மஞ்சளும் போதும். வர்ணம் என்ற நீண்ட நடன உருப்படியில் முகபாவம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும்போது பச்சை, ஊதா என்று சுழலவிட்டால் பார்க்க வந்ததே தெரியாமல் போகும். புகை இயந்திரத்தை உள்ளேயே விடாதீர்கள், தரை வழுக்கும்.

பதிவு இசைக்கு ஆடும் மாணவர்களின் பாட்டுகளை இரண்டு நாள் முன்பே வாங்கி, ஒரே பென்டிரைவில் நிகழ்ச்சி வரிசைப்படி எண் போட்டு வையுங்கள். அன்று மாலை ஒவ்வொரு தாயும் தன் போனை நீட்டினால் ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஐந்து நிமிடம் போய்விடும். உடை மாற்ற, பூட்டுள்ள ஓர் அறையும் பெரிய கண்ணாடியும் பெண் பொறுப்பாளர் ஒருவரும் கட்டாயம்.

9. இப்போது அழைப்பிதழ்

பெயர், வாத்தியம், நேரம் மூன்றும் உறுதியான பிறகே அச்சுக்கு. பக்கவாத்தியக்காரர்களின் பெயரையும் பாடகர் பெயருக்குக் கீழே தெளிவாகப் போடுங்கள். கலைஞர் தன் பெயரை எழுதும் முறையில்தான் எழுத வேண்டும்; அச்சுக்கு முன் அவருக்கே அனுப்பிச் சரிபாருங்கள். டவுன் பஸ் நிறுத்தத்தின் பெயரைச் சேர்ப்பது கூகுள் மேப் குறியீட்டைவிட நம் ஊர்ப் பெரியவர்களுக்கு உதவும்.

10. விழா நாட்கள்

மதியம் இரண்டுக்கு ஒலிக்குழு, மூன்றரைக்கு முதன்மைக் கலைஞரின் ஒலிச் சோதனை, நான்கரைக்குக் கதவு திறப்பு. கலைஞர்களுக்குக் கச்சேரிக்கு முன் இட்லி மாதிரி லேசான டிபன், முடிந்த பிறகுதான் சாப்பாடு. தட்டுவடை செட் கடை போட யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியாகச் சம்மதியுங்கள், ஆனால் வாசலுக்கு வெளியே. அரங்கத்துக்குள் நொறுக்கும் சத்தம் மெதுவான ஆலாபனைக்கு ஆகாது.

கதவருகே ஒருவர் நிற்கட்டும். தாமதமாக வருகிறவர்களை ஒரு பாட்டு முடிந்த பிறகே உள்ளே விட வேண்டும். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. அறிவிப்பாளர் தொடக்கத்திலேயே அதைப் பற்றி அன்பாக ஒரு வார்த்தை சொன்னால் நம் ஊர் மக்கள் கேட்பார்கள்.

கவர்களை வெற்றிலை பாக்கு பழத்தட்டில் வைத்து, மங்களம் முடிந்த உடனே கொடுங்கள். ரயிலுக்குப் புறப்படுகிறவரை நாளை வரை காத்திருக்கவிடாதீர்கள்.

11. ஒரு நாளை ஏற்காட்டில் வைப்பதானால்

மே மாதக் கோடை விழா சமயம் வேண்டாம், அறையும் கிடைக்காது, மலைப்பாதையும் நெரியும். சேலத்திலிருந்து ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒலி சாமான்களை முந்தின நாளே ஏற்றிவிடுங்கள். கலைஞர்களை மதியத்துக்குள் கொண்டு சேர்த்து ஓய்வெடுக்கவிடுங்கள், வளைவில் தலைசுற்றியவரால் உடனே பாட முடியாது.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பனி இறங்கும் மாலையில் மிருதங்கத் தோல் தளரும், தந்திகளின் சுருதி அடிக்கடி விலகும். அதனால் திறந்த வெளியைத் தவிர்த்து மூடிய கூடத்தில், பிற்பகல் மூன்றுக்குத் தொடங்கி ஆறுக்கு முடியுங்கள். ரொம்ப இருட்டும் முன் மலையிறங்கத் தொடங்கவும் அதுதான் வசதி.

12. மறுநாள்

மைக்செட், பந்தல், மண்டபம், சமையல் பாக்கியை மறுநாளே தீருங்கள். அடுத்த ஆண்டு அதே ஆட்கள் முதல் அழைப்பிலேயே வருவார்கள். கணக்கை ஒரு வாரத்துக்குள் நன்கொடை கொடுத்த ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள்.

பதிவு செய்த ஒலியையும் காணொளியையும் கலைஞருக்கு முதலில் அனுப்பி, அவர் சம்மதித்தவற்றை மட்டும் யூடியூபில் ஏற்றுங்கள். அப்புறம் ஐவரும் உட்கார்ந்து, எந்த நிகழ்ச்சி எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டியது, உண்மையில் எப்போது தொடங்கியது என்று எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அட்டவணையை அந்தத் தாளிலிருந்து தொடங்கலாம்.